கடப்புறத்தின் அன்றாடக் காட்சிகள்: எதைப் பார்க்கிறோம், எங்கிருந்து பார்க்கிறோம்

ஒளிக்கரை (ஊரம்பு) – ஜனவரி 13, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம்.

ஊரம்பில் 26 ஆண்டுகளாக ஒளிப்படக் கடை நடத்தி வருகிறேன். கடையிலிருந்து சிறிது தூரம் நடந்தாலே கேரளம் வந்துவிடும் என்பதால், ஒரு வாரம் கொல்லங்கோட்டுத் திருமணமும் மறுவாரம் பொழியூர்த் திருமணமுமாக, ஆல்பத்தின் முதல் பக்கத்தில் தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறிப் பெயர் அச்சிட்டே என் பிழைப்பு நடக்கிறது. அந்தத் தொழிலைப் பற்றி எழுத இங்கு வரவில்லை. கடந்த 5 ஆண்டுகளாகத் திங்கட்கிழமைதோறும், யாரும் அழைக்காமலே, நீரோடி முதல் தேங்காய்ப்பட்டணம் வரையுள்ள கடப்புறத்தில், அதாவது கடற்கரையில், நான் எடுத்துவரும் படங்களைப் பற்றியும், அவற்றை எடுக்கும்போது எழுகின்ற ஒரு கேள்வியைப் பற்றியும் உங்களிடம் பேச விரும்புகிறேன்.

அதற்கு முந்திய இருபது ஆண்டுகளும் நான் கடலுக்குப் போனது அந்தி வெயிலுக்காகத்தான். மணமக்களை நீர் விளிம்பில் நிறுத்துவேன். சூரியன் அவர்கள் தோளுக்குப் பக்கத்தில் இறங்கும்வரை காத்திருப்பேன். எடுத்து முடித்ததும் புறப்பட்டுவிடுவேன். ஊர் எப்போதும் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. மீன்பிடி வள்ளமோ வலையோ படச் சட்டத்துக்குள் வந்தால் இரண்டடி தள்ளி நின்றுகொள்வேன். ஒரு தை மாதத்து மாலையில் மணமக்கள் வரத் தாமதமாகவே, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் ஊரின் பக்கம் திரும்பினேன். பெரியவர் ஒருவர் மணலில் கால் நீட்டி அமர்ந்து, கிழிந்த வலையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியால் கண் கண்ணாக முடிச்சிட்டுக்கொண்டிருந்தார். மஞ்சள் வெயில் வலையின் வழியாக அவர் முகத்தில் சிறு சிறு கட்டங்களாக விழுந்தது. அவர் கை அசையும்போதெல்லாம் அந்தக் கட்டங்களும் அசைந்தன. எத்தனை மாலைகள் இந்த மனிதருக்கு முதுகைக் காட்டியபடியே நின்றிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அன்று அவரைப் படம் எடுக்கவில்லை. கை வரவில்லை.

அதன்பிறகு கண்ணில் பட்டவற்றுள் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். கன்னியாகுமரியிலிருந்து வடமேற்காக ஓடும் இந்தக் கரை, மார்கழியில் சூரியன் உதிக்கும் திசைக்கு ஏறக்குறைய நேர்கோட்டில் கிடக்கிறது. எனவே கிறிஸ்துமஸை ஒட்டிய நாட்களில் முதல் வெயில் கடலின் பக்கத்திலிருந்தும் மலையின் பக்கத்திலிருந்தும் வராமல், கரையின் நீளத்துக்கே தவழ்ந்து வருகிறது. மணலில் பதிந்த ஒவ்வொரு காலடியும், வள்ளத்தை இழுத்த தடமும், நண்டு வளையின் வாயும் தனித்தனி நிழலோடு எழுந்து நிற்கும். பத்து மணிக்குப் போனால் அதே மணல் வெறும் மணலாக இருக்கும். ஆனியில் இதே கோட்டின் மறுமுனையில் சூரியன் அடைகிறது. ஆனால் தென்மேற்குப் பருவமழையின் மேகம் அதைப் பார்க்க விடுவது அரிது.

மீன் ஏலம் விடும் இடத்தில் கட்டியிருக்கும் நீலத் தார்ப்பாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கீழே நிற்பவர்களின் முகமும், கொட்டிய சாளை மீனின் வயிறும், எண்ணிக் கொடுக்கும் பணமும் எல்லாமே நீலமாகிவிடுகின்றன. முதலிரண்டு ஆண்டுகள் அந்த நீலத்தைக் கணினியில் வைத்து நீக்கிக்கொண்டிருந்தேன். கல்யாணப் படத்தில் மணப்பெண்ணின் முகம் நீலமாக இருந்தால் அது பிழை. இங்கே அந்த நீலத்தை நீக்கியபின் அது எந்த இடத்தின் படமும் அல்ல என்பது புரிய எனக்கு அவ்வளவு காலமாயிற்று.

இன்னொன்று ஒரு குருசடி, சிலுவை வைத்த சிற்றாலயம். அதன் படிக்கட்டு கடலை நோக்கி இறங்குகிறது. மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில் நின்று, ஒரே 35 மில்லிமீட்டர் லென்ஸில் அதை எடுத்து வருகிறேன். முதலில், பங்குனியில் மூன்று படிகள்தான் தெரிந்தன; மற்றவை மணலுக்குள் இருந்தன. ஆடியில் கடல் மணலை அள்ளிச் சென்றபின் ஒன்பது படிகள் தெரிந்தன. கார்த்திகையில் மணல் திரும்பியபோது ஐந்து. கடந்த இரண்டு ஆண்டுகளாக ஏழுக்குக் குறையவே இல்லை. தனியாக ஒரு படத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒரு கரை மூச்சு விடுவதையும் அந்த மூச்சு இளைப்பதையும் காணலாம்.

என் கேள்வி இதுதான். இந்தப் படங்களை அந்த ஊர்க்காரர்களிடம் காட்டினால், பெரும்பாலானவர்கள் கனிவோடு பார்த்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்கிறார்கள். நான் காணும் அழகு அங்கே உண்மையில் இருக்கிறதா, அல்லது மாலையில் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறவனுக்கு மட்டும் தெரிகிற அழகா? கடலோரத்தில் படம் எடுப்பவர்களும், கடலோரத்தில் பிறந்தவர்களும் சொல்ல வேண்டும்.

---

புன்னை நிழல் (பாறசாலை) – ஜனவரி 14, காலை 7.15

ஒளிக்கரை அவர்களுக்கு வணக்கம். பாறசாலையில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். கேமராவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நெய்தலைப் பற்றிச் சிறிது சொல்ல முடியும்.

நெய்தலுக்கு முன்னோர் வகுத்த சிறுபொழுது எற்பாடு. பொழுது சாயும் வேளை என்றே வகுப்பில் கற்பித்து வந்தோம். நீங்கள் மணமக்களோடு போய் நின்ற அதே வேளைதான். ஆனால் நெய்தலைப் பாடும் சங்கப் பாடல்களில் கடலும் சூரியனும் மட்டும் தனியாக நிற்பதை நான் கண்டதில்லை. காயவைத்த மீனைப் பறவைகளிடமிருந்து காக்கும் பெண், உப்பு வண்டி, ஈர மணலில் ஓடும் நண்டு, தாழை வேலி, புன்னை நிழல், கரைக்கு இழுத்த படகு என்று ஊரின் பொருள்கள் நிறைந்திருக்கும். அவை வெறும் பின்னணியாகவும் இருப்பதில்லை. கணவனோ காதலனோ இன்னும் வரவில்லை என்ற கவலையைச் சொல்வதற்கு, நண்டு வளையை அலை அழிப்பதைச் சொன்னால் போதும் என்று அந்தப் புலவர்கள் நம்பினார்கள். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் அல்லவா? அழகும் கவலையும் ஒரே மணலில் கிடப்பதை அவர்கள் பிரிக்க முயலவில்லை. உங்கள் குருசடிப் படிகள் அந்த மரபைச் சேர்ந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

---

உப்புக்காற்று (நாகர்கோவில்) – ஜனவரி 14, இரவு 8.02

கேமரா பழுது நீக்குபவன் என்ற முறையில் சில செய்திகள் மட்டும்.

தார்ப்பாய் நீலத்தைப் போலவே பலர் கெடுத்துக்கொள்வது மணவாளக்குறிச்சிக் கரையின் கறுப்பை. அங்குள்ள மணலில் இல்மனைட்டும் மோனசைட்டும் சிர்கானும் இருக்கின்றன. கார்னெட் சேர்ந்த இடத்தில் அலை திரும்பும்போது செம்பு நிறக் கோடுகள் விழும். அத்தனை கருமை தன் முன்னால் இருப்பது கேமராவின் ஒளிமானிக்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பலாக்கவே முயலும். எனவே கறுப்பு மணல் சட்டத்தை நிறைக்கும்போது எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே விழும் ஒளியை, ஒரு ஸ்டாப் (பாதியாக) குறைக்க வேண்டும். வெள்ளை நுரையும் வெள்ளையடித்த ஆலயச் சுவரும் நிறைக்கும்போது கூட்ட வேண்டும். கைபேசிகள் இன்னும் மோசம். நிழலையெல்லாம் தாமாகவே தூக்கிவிடுவதால் கறுப்பு மணல் அடுப்புச் சாம்பலைப் போல் வெளுத்துப்போகிறது.

நம் அட்சரேகையில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. அடைந்தபின் நல்ல வெளிச்சம் 20 நிமிடத்துக்குச் சற்று அதிகமாக நிற்கும், அவ்வளவுதான். ஐரோப்பியப் படங்களைப் பார்த்து ஒரு மணி நேரம் இருக்கிறது என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

கடலிலிருந்து திரும்பியதும் லென்ஸை உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள். உப்புப் பரல் கண்ணாடியைக் கீறும். ஈரத் துணியால் ஒற்றி எடுத்தபின் துடையுங்கள். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இல்லாமல் ஒரு மழைக்காலம் வைத்தால், ஆவணிக்குள் கண்ணாடியில் பூஞ்சை படர்ந்துவிடும். மாதந்தோறும் அத்தகைய லென்ஸ்கள் என் மேசைக்கு வருகின்றன.

---

தூத்தூர்மகள் (திருவனந்தபுரம்) – ஜனவரி 15, இரவு 10.30

ஒளிக்கரை அண்ணன், நீங்கள் கேட்டதனால் சொல்கிறேன். நான் தூத்தூரில் பிறந்தவள். இப்போது வேலை திருவனந்தபுரத்தில்.

கடப்புறம் என்பது எங்களுக்கு வீட்டு முற்றத்தின் பெயர். அதே சொல்லை உள்நாட்டுப் பள்ளியில் என்னை இழிவாகச் சொல்லவும் பயன்படுத்தினார்கள். என் அம்மா மீன் கூடையைத் தலையில் வைத்து உள்நாட்டுச் சந்தைகளுக்கு நடந்தவர். பேருந்தில் ஏற்ற மாட்டார்கள், மீன் நாற்றம் என்பார்கள். அந்தக் கூடையின் பின்னலை இன்று யாராவது படமெடுத்து, எவ்வளவு அழகான கைவினை என்று எழுதினால், எனக்கு முதலில் வருவது மகிழ்ச்சியன்று.

2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் கடந்தபின் எங்கள் எட்டு ஊர்களின் கரையிலும் கேமராக்கள் வந்து நின்றன. நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை: இந்த ஊர்களின் ஆண்கள் சுறாவும் சூரையும் தேடி வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குபவர்கள். வராதவர்களுக்காக ஆலய முற்றத்தில் அமர்ந்திருந்த பெண்களின் கண்ணீரைத் தொலைவிலிருந்து நீண்ட லென்ஸில் எடுத்தார்கள். நல்ல வெளிச்சத்தில், நல்ல அமைப்பில் எடுக்கப்பட்ட படங்கள் அவை. என் சித்தி அவற்றுள் ஒன்றில் இருக்கிறார். அதை எடுத்தவர் அவரிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. இன்றுவரை அந்தப் படத்தை அவர் கையில் யாரும் கொடுக்கவுமில்லை.

நீங்கள் அப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை. பெரியவரைக் கண்டும் எடுக்கக் கை வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வலையைக் கால் விரலில் மாட்டுவது மூன்றாவது கை இல்லாததனால். தார்ப்பாய் நீலமாக இருப்பது கடையில் மலிவாகக் கிடைப்பது அந்த நிறம் என்பதனால். இந்தக் காரணங்களைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போதும் உங்களுக்கு அது அழகாக இருக்கிறதா? இருக்கிறதென்றால் நான் உங்களோடு பேசத் தயார்.

இன்னொன்று. எங்கள் வீட்டில் அழகைப் பார்க்கத் தெரிந்தவர் யாரும் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். அப்பா கயிற்றைச் சுருட்டி வைத்தபின், எழுந்து இரண்டடி தள்ளிப் போய் நின்று அதை ஒருமுறை பார்ப்பார். கோணலாக இருந்தால் பிரித்து மீண்டும் சுருட்டுவார். அடுத்த நாள் இருட்டில் அந்தக் கயிறு சிக்காமல் ஓட வேண்டும் என்பது காரணம். ஆனால் அவர் பார்க்கும் பார்வையில் அது மட்டும்தான் இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. அவர் கரையைப் பார்க்கும் விதமும் வேறு. நீங்கள் எல்லோரும் கரையில் நின்று கடலைப் பார்க்கிறீர்கள், இப்போது நீங்கள் கரையில் நின்று ஊரைப் பார்க்கிறீர்கள். அப்பா நாற்பது ஆண்டுகள் கடலில் நின்று கரையைப் பார்த்தவர்.

---

ஒளிக்கரை – ஜனவரி 16, இரவு 11.05

தங்கச்சி, உங்கள் எழுத்தை மூன்று முறை படித்தேன்.

என் பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். முகம் தெரியும் படமானால் கேட்டுத்தான் எடுக்கிறேன். அடுத்த திங்களன்று அச்சுப் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். கடந்த ஆண்டு ஏலக் கரையில் ஓர் அம்மா, நான் கேட்பதற்கு முன்பே எடுத்துவிட்டதைக் கண்டு, வேண்டாம் மக்களே, என் வீட்டுக்காரர் இறந்து நாற்பது நாள் ஆகவில்லை என்றார். அவர் கண் முன்னாலேயே அழித்தேன். அந்தப் படம் நான் எடுத்தவற்றுள் மிகச் சிறந்தவற்றில் ஒன்றாக இருந்தது என்று என் மனம் சொன்னது; அப்படிச் சொன்னதற்காகவும் அன்று வருந்தினேன்.

காரணம் தெரிந்தபின்னும் அழகாக இருக்கிறதா என்று கேட்டீர்கள். என் அனுபவத்தில் காரணம் தெரிந்தபின்புதான் கண்ணே நிலைக்கிறது. கட்டுமரம் ஒன்றை உதாரணமாகச் சொல்கிறேன். கடலிலிருந்து வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் உருட்டிவிட்டிருப்பார்கள். பல ஆண்டுகள் நான் அதை உடைந்த மரம் என்றே நினைத்துக் கடந்துபோயிருக்கிறேன். அந்த மென்மரம் நீரைக் குடித்துக் கனத்துவிடும், உலர்ந்தால்தான் மறுநாள் மிதப்பு நிற்கும் என்று ஒருவர் சொன்ன பிறகு, காலை முதல் மாலை வரை அந்த மரத்தின் நிறம் மாறுவதைக் கவனிக்கத் தொடங்கினேன். ஈரத்தில் காப்பிக் கொட்டையைப் போல் இருப்பது, வெயில் ஏற ஏற நுனியிலிருந்து வெளுத்து, மாலையில் கொக்கின் முதுகைப் போன்ற சாம்பலாகிவிடுகிறது. கயிறு இறுக்கிய இடத்தில் மட்டும் கருவளையம் நிற்கிறது. உலர்கிறது என்று தெரியாதிருந்தால் இந்த மாற்றத்தை நான் பார்த்திருக்கவே மாட்டேன். ப்ளைவுட் வள்ளமும் ஃபைபர் வள்ளமும் வந்தபின் கட்டுமரம் குறைந்துவிட்ட நிலையில், அந்தக் கருவளையத்தை எடுத்து வைத்ததில் எனக்கு நிறைவு உண்டு.

உங்கள் தந்தை கடலிலிருந்து கரையைப் பார்ப்பதைப் பற்றி இன்னும் சொல்ல முடியுமா? 26 ஆண்டுத் தொழிலில் ஒருமுறைகூட நான் கடலிலிருந்து கரையை எடுத்ததில்லை.

---

ஏரிக்கரையான் (பழவேற்காடு) – ஜனவரி 18, மாலை 6.20

மறுமுனையிலிருந்து ஒரு குரல். எங்கள் ஊரும் எல்லை ஊர்தான். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்முனை தமிழ்நாட்டில். சந்தையில் தமிழும் தெலுங்கும் கலந்தே விலை பேசுகிறோம்.

இங்கே மார்கழி, தை மாதங்களில் வருகிற கேமராக்கள் அனைத்தும் பூநாரையைத் தேடி வருகின்றன. தவறில்லை, நானும் அப்படித் தொடங்கியவன்தான். பறவை தொலைவில் நிற்பதால் 600 மில்லிமீட்டர் லென்ஸ், படகு வாடகை, காத்திருப்பு. ஒருநாள் பறவை எதுவும் வராமல் படகில் சும்மா அமர்ந்திருந்தபோது, முழங்கால் நீரில் குனிந்து கைகளாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்களைக் கண்டேன். பனையோலைப் பறிக்கூடையைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு கைகளும் சேற்றில் இருக்க, வரிசையாக நகர்ந்து வருவார்கள். அவர்களுக்கு முன்னால் நீர் கண்ணாடியாகவும் பின்னால் கலங்கலாகவும் இருந்தது. எங்கள் ஏரியில் அலை இல்லை. எனவே உங்கள் கரையைப் போல் ஒளி உடைந்து சிதறாது, வானம் முழுவதும் அப்படியே கீழே கிடக்கும். அந்த வானத்தை அவர்கள் கையால் துழாவுவதைப் போலிருந்தது.

எங்கள் ஊரில் ஏரியை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பாடு என்ற வழக்கம் உண்டு. இன்று யாருடைய பாடு, எந்தத் துறை என்பது தெரியாதவருக்கு எல்லா நீரும் ஒன்றுதான். தெரிந்தபின் நீரில் எல்லைக் கோடுகள் தெரியத் தொடங்குகின்றன. தூத்தூர் அம்மா சொல்வதை அதனால் நான் ஒப்புக்கொள்கிறேன், ஒளிக்கரை சொல்வதையும்.

---

தூத்தூர்மகள் – ஜனவரி 19, இரவு 9.50

ஞாயிறன்று வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் கேட்டதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் சொன்னதை என் எழுத்தில் தருகிறேன்.

கடலில் தரை தெரியாது; மீன் இருக்கும் பார் என்ற பாறைத்திட்டு நீருக்கு அடியில் கிடக்கும். அதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு உதவியது கரைதான். ஆலயக் கோபுரத்தின் உச்சி, அதற்குப் பின்னால் தொலைவில் நிற்கும் மலையின் ஓர் இடுக்கு, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும்படி வள்ளத்தைச் செலுத்த வேண்டும். அது ஒரு கோடு. பிறகு பக்கவாட்டில் வேறு இரண்டு அடையாளங்கள், வேறு ஊர்க் கோபுரமும் வேறு மலையும், அல்லது ஒரு தென்னங்கூட்டமும் பாறை முனையும் ஒன்றுசேர வேண்டும். அது மற்றொரு கோடு. இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடத்தில் ஈயக்கட்டியை இறக்கி, இத்தனை பாகம் (இரு கை விரித்த நீளம்) ஆழம் என்று கயிற்றில் அளந்து, ஈயம் பாறையில் தட்டுகிறதா மணலில் புதைகிறதா என்று விரலால் உணர்ந்துவிட்டுத் தூண்டிலைப் போடுவார்கள். இதற்குக் கணிச்சம் என்று பெயர். கோபுரம் ஒரு விரல் அகலம் விலகினால் கலவா மீனும் இல்லை, விளமீனும் இல்லை, வெறும் சேறு.

எங்கள் பழைய ஆலயத்தை இடித்துப் புதிதாகக் கட்டியபோது ஊரே மகிழ்ந்ததாம். அப்பாவும் அவர் கூட்டாளிகளும் மட்டும், புதிய கோபுரம் சில அடி தள்ளி எழும்பியதனால், ஒவ்வொரு பாருக்கும் புதிய கோட்டைத் தேடிச் சில வாரங்கள் அலைந்திருக்கிறார்கள். இப்போது பையன்கள் ஜிபிஎஸ்ஸில் எண்ணைப் பதிந்து வைத்துக்கொள்கிறார்கள். அதைக் குறை சொல்ல அவருக்கு மனமில்லை. மேகம் மூடிய நாளிலும் எண் தெரியும், மலை தெரியாது என்கிறார்.

எந்தக் காலை உங்களுக்கு அழகாக இருக்கும் என்று கேட்டேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, தை மாதத்தில் கரைக்காற்று வீசி மலை கழுவி வைத்ததுபோல் நிற்கும் காலை என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், உங்களுக்கும் இப்போது தெரிந்திருக்கும்.

அண்ணனை வரும் திங்கட்கிழமை அதிகாலை 4 மணிக்கு வரச் சொன்னார். தம்பியின் வள்ளத்தில் அப்பாவும் வருவார். ஒரே நிபந்தனை: எந்தக் கோபுரம், எந்த மலை என்பதைப் படத்தின் கீழே எழுதக் கூடாது. அந்தப் பார் தாத்தா கண்டுபிடித்தது.

---

உப்புக்காற்று – ஜனவரி 20, காலை 8.10

வள்ளத்தில் போகும்போது லென்ஸை மாற்றாதீர்கள். கரையிலேயே ஒன்றைப் பொருத்திக்கொண்டு ஏறுங்கள். ஷட்டர் வேகம் நொடியில் 500இல் ஒரு பங்குக்குக் கீழே இறங்க வேண்டாம். வள்ளம் நிற்பதுபோல் தோன்றினாலும் நிற்பதில்லை.

---

ஒளிக்கரை – ஜனவரி 28, இரவு 10.15

திங்களன்று போய் வந்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் எழுத முடிகிறது.

இருட்டில் வள்ளத்தைத் தள்ளும்போது நானும் தோள் கொடுத்தேன். எந்த அலையில் ஏற வேண்டும் என்று தெரியாததனால் இடுப்புவரை நனைந்தேன். கரையிலிருந்து காற்று முதுகில் தள்ளியது. ஒன்றரை மணி நேரம் எதுவும் தெரியவில்லை. பிறகு தென்கிழக்கில் வானம் வெளுக்கத் தொடங்கியபோது, ஐயா என் தோளைத் தொட்டுப் பின்பக்கம் காட்டினார்.

நான் பிறந்து வளர்ந்த நாடு முழுவதும் ஒரே கோட்டில் கிடந்தது. கீழே மெல்லிய மணல் வரி, அதன்மேல் தென்னையின் கறுப்பு, அதைத் துளைத்து எழும் வெள்ளைக் கோபுரங்கள், அவற்றுக்குப் பின்னால் அடுக்கடுக்காக நீலம் வெளுத்துச் செல்லும் மலைகள். எல்லைக்கு இந்தப் பக்கம் எது, அந்தப் பக்கம் எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அகத்தியர் மலையின் உச்சி மற்றவற்றுக்கெல்லாம் மேலே தனியாக நின்றது. இந்தக் கோபுரங்களையும் மலையையும் சேர்த்து ஒரு சட்டத்துக்குள் அமைக்க நான் கரையில் எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன். இரண்டு பொருள்களை ஒரே நேர்கோட்டில் கொண்டுவரக் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பது எங்கள் தொழிலில் அன்றாடம். அதே வேலையை ஐயா எழுந்து நின்று, ஒரு கண்ணைச் சுருக்கி, கையசைவால் மகனுக்குச் சைகை காட்டிச் செய்துகொண்டிருந்தார். நான் அமைப்பு நன்றாக வருவதற்காகச் செய்வதை, அவர் அன்றைய சோற்றுக்காக நாற்பது ஆண்டுகள் செய்திருக்கிறார்.

கோபுரம் மலையின் இடுக்கை நோக்கி மெல்ல நகர்ந்தது. நிற்கிற கட்டடம் நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இடுக்கில் போய் அது பொருந்தியபோது ஐயா கையை இறக்கினார், எந்திரம் நின்றது, ஈயக்கட்டி இறங்கும் ஓசை மட்டும் கேட்டது. அந்தக் கணத்தில் கேமரா என் மடியில் இருந்தது. எடுக்க வேண்டும் என்ற நினைவு வந்து, நான் எடுத்தது அதற்குப் பின்னர்தான். ஏழே படங்கள். அவற்றுள் ஒன்று மட்டுமே கூர்மையாக வந்திருக்கிறது. அதுவும் சாம்பலும் நீலமுமாக, அறியாதவருக்கு வெறும் கரையாகத்தான் தெரியும். எட்டரை மணிக்கெல்லாம் மலைகளைப் புகைமூட்டம் மூடிவிட்டது.

ஐயா நான்கு விளமீனைத் தூக்கினார். ஒன்றை என் கையில் கொடுத்து அனுப்பினார். அவர் தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டுச் சற்றுப் பின்னால் சாய்ந்து அதைப் பார்த்ததையும் கண்டேன், தங்கச்சி. அதையும் எடுக்கவில்லை.

கோபுரத்தின் பெயரும் மலையின் பெயரும் எங்கும் எழுத மாட்டேன். அந்த ஒரு படத்தை 12க்கு 18 அங்குலத்தில் அச்சிட்டு, உங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

---

தூத்தூர்மகள் – பிப்ரவரி 2, இரவு 9.05

படம் கிடைத்தது, அண்ணன். அப்பா அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். நான் அவர் ஏதாவது சொல்வாரா என்று காத்திருந்தேன். கடைசியில், "கோபுரம் கிழக்க தள்ளி நிக்குது மக்களே. இது எடுத்த நேரத்தில வள்ளம் மேக்க இழுபட்டுப் போயாச்சு" என்றார்.

சுவரில் மாட்ட ஆணி அடித்துவிட்டார். மாட்டவில்லை, கோடு சரியாக விழுந்த படம் வரட்டும் என்கிறார். மாசிப் பனி தொடங்குவதற்கு முன் இன்னொரு திங்கள் இருக்கிறது. நீரோட்டம் இழுக்கும், கேமராவை மடியில் வைக்காமல் கையில் வைத்திருக்கச் சொல்லு என்று உங்களிடம் சொல்லச் சொன்னார். 9ஆம் தேதி, அதே 4 மணி.